நேரில் பார்க்காதவருக்கு ஒரு கேதம்

நேயர்களுக்கு வணக்கம்.

நடிகர், பாடகர், தலைவர் என்று பேர்பெற்ற ஒருவர் இறந்துபோனால், அவரை ஒரு தடவைகூட நேரில் பார்க்காதவர்கள் ஏன் அப்படி அழுகிறார்கள்? இதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் உளவியல் படித்தவள் இல்லை. பாம்பன் பக்கம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் கேத வீடுகளுக்கு, அதாவது சாவு வீடுகளுக்கு, போய்ப் பழக்கம் உண்டு. இந்தக் கடற்கரையில் அதற்குக் குறைவில்லை.

"அவரு நமக்கு மாமனா, மச்சானா? அவருக்காக நீ ஏன் சோறு தண்ணி இல்லாம கெடக்க?" எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் இது. கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உறவு என்பது ரத்தத்தில் மட்டுமா வருகிறது? தினமும் காதில் விழுகிற குரலாலும் வரும்.

டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுகிறவர் நம்மைப் பார்த்தே பேசுவதுபோலப் பேசுகிறார். நாள் போகப் போக அவரை நமக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றிவிடுகிறது. அவருக்கோ நாம் யாரென்றே தெரியாது. இப்போது நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான். நீங்கள் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கலாம், வலை பின்னிக்கொண்டிருக்கலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இதை நம் கரைக்கு அமெரிக்காவிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் அந்த வேகமான பேச்சைக் கேட்க வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எங்களில் பலருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். 1989-இல் அவர் கொல்லப்பட்டார். அழுதவர்களுக்கு மாலை போட ஒரு படம்கூடக் கையில் இல்லை. முகமே தெரியாதவருக்கு அழ முடியும் என்றால், திரையில் ஆயிரம் தடவை பார்த்த முகத்துக்கு அழுவதில் என்ன அதிசயம்?

ஆனால் பழக்கத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. அழுகை சில நேரம் அளவுக்கு மீறிப் போகிறது. நாலு நாள், பத்து நாள் என்று நிற்காமல் போகிறது. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். அதைக் கேத வீட்டில்தான் தேட வேண்டும் என்பேன்.

கேதத்துக்குப் போகிற பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இறந்து கிடப்பவரைப் பற்றி நாலு வரி போகும். அப்புறம் பாட்டு மெல்லத் திரும்பும். ஒருத்தி எப்போதோ செத்த தன் அப்பனைக் கூப்பிடுவாள், இன்னொருத்தி தங்காமல் போன பிள்ளையைக் கூப்பிடுவாள். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு சாவு விழுந்த வீட்டில் எல்லாச் சாவுக்கும் அழலாம். இது நம் பெண்கள் காலங்காலமாக வைத்திருக்கிற ஏற்பாடு.

இப்போது கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். உடல் இல்லை. குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க முடியாது, கோடித் துணி போட முடியாது. பதினாறாம் நாள் என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? சட்டமும் உடனே ஒத்துக்கொள்ளாது. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொது விதி. 2017-இல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கரையிலும் எத்தனையோ வீடுகள் இப்படித்தான் தவித்தன.

எங்கள் தெருவில் ஒரு மதினி இருக்கிறார். வீட்டுக்காரர் போன வல்லம், அந்த நாட்டுப்படகு, திரும்பி வரவில்லை. மதினி அழவில்லை. அழுதால் அவர் செத்துவிட்டார் என்று தானே முடிவு கட்டியதாக ஆகிவிடுமே என்ற பயம். பூவும் பொட்டும் அப்படியே இருந்தது. ஊரிலும் யாரும் துக்கம் கேட்கப் போகவில்லை. என்ன என்று போய்க் கேட்பது?

2015 ஜூலை 27-ஆம் தேதி சாயங்காலம், ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்த அப்துல் கலாம் மேடையிலேயே சரிந்தார். அவர் ராமேசுவரத்துப் பிள்ளை. படகு வைத்திருந்த மரைக்காயர் வீட்டுப் பையன், சின்ன வயதில் ரயிலிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளை எடுத்துப்போய் வீடு வீடாகப் போட்டவர். ஜனாதிபதியாகிப் போனாலும் எங்களுக்கு அவர் எங்க ஊர் ஆள். உடல் மண்டபம் வந்து, பாலத்தைக் கடந்து ராமேசுவரத்துக்கு வந்தது. 30-ஆம் தேதி பேய்க்கரும்பில் அடக்கம். அந்த மாதிரிக் கூட்டத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஜனாஸா தொழுகை நடக்கும்போது தொழத் தெரியாதவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மதினியும் வந்திருந்தார். அங்கே அவர் அழுத அழுகையைச் சொல்ல எனக்கு வார்த்தை வராது. பக்கத்தில் நின்றவர்களே மிரண்டுபோய் ஒதுங்கினார்கள். கலாமை அவர் நேரில் பார்த்தது கிடையாது. ஆனால் கலாமுக்கு ஒரு உடல் இருந்தது. அது வீடு திரும்பியது. நாளும் நேரமும் சொல்லி, குழி வெட்டி, ஊர் கூடி அனுப்பிவைத்தது. மதினி கலாமுக்கு அழவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும்தான் அழுதார். ஆனால் அவருக்கு மட்டும் இல்லை.

இதே கதையை 2020-இல் வேறு விதமாகப் பார்த்தோம். கொரோனா காலம். பிள்ளைகளுக்கு அப்பாவின் முகத்தைக்கூடக் காட்டாமல் உறையில் சுற்றிக் கொண்டுபோனார்கள். கேதத்துக்கு இருபது பேர் என்று கணக்கு. அப்போதுதான் எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நாடே தினமும் அவர் உடல்நிலை அறிக்கைக்குக் காத்திருந்தது. செப்டம்பர் 25-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். அன்று ராத்திரி வீட்டுக்கு வீடு அவர் பாட்டைப் போட்டுவிட்டு அழுதவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக்காக அழ முடியாமல் இருந்தவர்களோ!

நம் இளமையும் அவரோடு போகிறது என்பார்கள். அதுவும் உண்மைதான். அது எல்லோரும் சொல்வது, நான் அதில் நிற்கவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு. நம் கரைப் பையன்களே கேட்கிறார்கள்: "டீச்சர், ஒரு நடிகர் செத்தால் மூன்று நாள் டி.வி.யில் ஓடுது. நாலு மீனவர் செத்தால் கீழே ஒரு வரி ஓடுது. இது என்ன நியாயம்?" நியாயமே இல்லைதான். ஆனால் அந்தக் கோபத்தைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் மேல் காட்டுங்கள். மூலையில் உட்கார்ந்து அழுகிற பிள்ளை மேல் காட்டாதீர்கள். அவள் அழாமல் இருந்துவிட்டால் மீனவருக்குக் கூடுதலாக ஒரு வரி கிடைத்துவிடப் போவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மைக்கை நீட்டுகிறவர்கள்தான் எனக்கு அருவருப்பு.

பயப்பட வேண்டிய பக்கமும் உண்டு. 1987 டிசம்பர் 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். இறந்தபோது துக்கம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதைத் தியாகம் என்று அன்றைக்குப் புகழ்ந்தவர்கள் உண்டு. பின்னால் நின்ற பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

அதனால் வீட்டில் ஒருத்தர் இப்படி உடைந்து உட்கார்ந்தால், "உனக்கு என்ன வந்துச்சு" என்று அதட்டாதீர்கள். கேதத்துக்குப் போனால் செய்வதைச் செய்யுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், காப்பி போட்டுக் கொடுங்கள். கொஞ்சம் அடங்கினதும், "வேற யாரு ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். வந்தால் நடுவில் பேசாமல் கேளுங்கள். சாப்பாடு, தூக்கம் விட்டுப்போய் நாட்கணக்கில் நீண்டால், இல்லை செத்துவிடலாம் என்கிற பேச்சு வாயில் வந்தால், அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசு எண்ணுக்குக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். எண்ணை இன்னொரு தடவை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நாலு, நாலு, ஒன்று, ஆறு.

நன்றி, வணக்கம்.