சக்கர நாற்காலியிலிருந்து செய்த அறுவை சிகிச்சை

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எங்கள் திருச்சபையின் சார்பில் பல ஆண்டுகளாக வேலூர் மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்தித்து வருகிறவன் என்ற முறையில், துன்ப காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் பலத்தைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். இந்தப் பொருளில் எனக்கு நீண்ட நாளாக ஓர் ஆதங்கம் உண்டு. விசுவாசம் இருந்தால் துன்பம் நீங்கிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் கட்டிலருகே கண்டதோ வேறு. நீங்காத துன்பத்துக்குள்ளே இருந்துகொண்டே அன்றைய வேலையைச் செய்வதற்கான பலம்தான் பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. அது சிறிய காரியம் அல்ல என்பதற்கு வேலூரிலேயே வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிப் பகுதியில், பழமையான சிரியன் கிறிஸ்தவ மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், நாமெல்லாம் சி.எம்.சி. என்று சொல்லும் அந்த இடத்தில், மருத்துவம் படித்தார். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சக மருத்துவர்களுடன் அவர் உல்லாசப் பயணம் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், அதைவிடப் பெரிய சேதம் தண்டுவடத்தில். அதன் பிறகு அவரால் நடக்கவே முடியவில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருடைய வீட்டிலும் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் இருக்கலாம். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உணர்ச்சியற்ற உடம்பு ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட வேண்டும், இரவிலும் அப்படித்தான். சிறுநீருக்கும் மலத்துக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்திருக்க வேண்டும். நேற்றுவரை பிறருக்கு மருத்துவம் பார்த்த ஓர் இளம் பெண் இந்த நிலையில் கிடந்தபோது, அவருடைய ஜெபம் என்னவாக இருந்திருக்கும்? எழுந்து நடக்க வேண்டும் என்பதாகத்தானே இருந்திருக்கும்?

இந்த இடத்தில் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சற்று வழி விலகுகிறேன். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவரைப் பார்க்க ஒருநாள் நான் போயிருந்தேன். அப்போது ஜெபக்குழுவினர் சிலர் வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுள் ஒருவர் அந்த மனிதருடைய கையைப் பிடித்து, "விசுவாசத்தோடு எழும்பும்!" என்று உரத்த குரலில் கட்டளையிட்டார். அவர் எழும்பவில்லை. உடனே இன்னொருவர், மனதிலே மறைத்து வைத்திருக்கும் பாவம் ஏதாவது உண்டா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய மனைவி மட்டும் கலங்காமல், "ஐயா, பொரட்டிப் போடற நேரம் ஆச்சு, கொஞ்சம் நகந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்து அவருடைய முழங்கால்களுக்கு இடையே செருகினார். அந்த அறையில் அன்று விசுவாசத்தோடு காரியம் செய்தவர் யார் என்று கேட்டால், நான் அந்த அம்மாவைத்தான் சொல்வேன்.

பாவம் செய்தவர் யார் என்ற கேள்வி புதியதும் அல்ல. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு சீஷர்கள் இதையே கேட்டார்கள். அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு பதில் சொன்னார். அப்போஸ்தலனாகிய பவுலுக்கும் மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பதே அவர் பெற்ற பதில். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிகிறவர் யாராவது உண்டா? இருந்தால், அவரை நோயாளியின் கட்டிலுக்கு அருகே விடாதிருப்பது நல்லது.

மேரி வர்கீஸிடம் திரும்புவோம். அப்போது சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் முடங்கிப்போன விரல்களைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையை வளர்த்துக்கொண்டிருந்தார். தொழுநோயில் நரம்பு செத்துப்போகும்போது விரல்கள் உள்நோக்கி மடங்கிவிடும். அந்தக் கையால் தம்ளரைச் சுற்றிப் பிடிக்க முடியாது, சோற்றைப் பிசைந்து எடுக்க முடியாது. நல்ல நிலையில் இருக்கும் வேறொரு தசைநாணை எடுத்து விரல்களோடு இணைத்து, மாவுக்கட்டுப் போட்டு, பிறகு பொறுமையாகப் பயிற்சி கொடுத்தால் விரல்கள் மறுபடி விரிந்து மடங்கும். இந்த அறுவை சிகிச்சையில் நோயாளியின் கையைப் பக்கத்து மேசையில் நீட்டி வைத்துக்கொண்டு மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள். மேரியால் நிற்க முடியாது. ஆனால் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே இதைச் செய்யலாமே என்று பிராண்ட் ஊக்கம் கொடுத்தார். மேரி அதைக் கற்றுக்கொண்டு, தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவரானார்.

உணர்ச்சியில்லாத கையோடு வந்த நோயாளிக்கு, உணர்ச்சியில்லாத கால்களோடு அமர்ந்திருந்த மருத்துவர் சிகிச்சை செய்தார். சூடு பட்டாலும் முள் குத்தினாலும் தெரியாத உடம்பைக் கண்ணாலேயே காவல் காக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அதைப் படித்துச் சொல்கிறார் என்று எந்த நோயாளி நினைப்பார்?

இதை நான் வெறும் மனஉறுதியின் கதையாகச் சொல்லவில்லை. தம்முடைய வாழ்வைக் கடவுளின் கையில் கொடுத்துவிட்டவர் என்று தம்மை எண்ணியே அவர் வேலை செய்தார். ஆனால் அந்த விசுவாசம் உடற்பயிற்சியிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கவில்லை; பிறர் தூக்கி நகர்த்த வேண்டிய நிலையையும் மாற்றவில்லை. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று ரோமருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. உபத்திரவத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே இரண்டு படிகள் இருக்கின்றன. நாம் ஆறுதல் சொல்லப் போகும்போது அந்த இரண்டையும் தாண்டிக் குதித்து, நேரே நம்பிக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம். படுத்திருப்பவருக்கோ ஒரு படி ஏறவே மாதங்கள் ஆகின்றன.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஆகவே அவருடைய பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1986இல் காலமானார். பாகாயத்தில் முன்பு சிகிச்சை பெற்றவர்கள் சக்கர நாற்காலிகளில் திரும்பி வந்து கூடும் மறுவாழ்வு மேளாவைப் பற்றியும், இருளிலேயே முடியும், வேதாகமத்தின் 88ஆம் சங்கீதத்தைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டுக்கும் இப்போது இடமில்லை. அந்தச் சங்கீதத்தை மட்டும் இன்றிரவு வாசித்துப் பாருங்கள். நோயாளி ஒருவர் கடவுளோடு வழக்காடினால் அவரைத் தடுக்காதிருக்க அது உதவும். பார்க்கப் போகும்போது பழத்தோடு நிறுத்திவிடாமல், "இன்றைக்கு ராத்திரி புரட்டிப்போட நான் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று கூட இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். வணக்கம்.