சாம்பல் குளத்தை ஆறுன்னு போட்ட கதை: சுற்றுச்சூழல் அறிவியல் படிச்சவங்களுக்கு ஜிஐஎஸ் வேலை

[திரையில்: எண்ணூர் முகத்துவாரம், பாலத்துக்குக் கீழே படகுகள்]

வணக்கம். நான் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடிச்சப்போ, திருவொற்றியூர்ல எங்க தெருவே கேட்டுச்சு: "அதப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்?" எனக்கும் பதில் தெரியல. இன்னிக்கு ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் போடுறதுதான் என் சம்பளம்.

என் முதல் மேப்போட கதைய சொல்றேன். க்யூஜிஐஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர், காசே கிடையாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படமும் இலவசம். படத்துல ஒரு கட்டம் தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர்.

[திரையில்: கொசஸ்தலை ஆறு, நீலத்தில்]

தண்ணி பச்சை ஒளிய ஓரளவு திருப்பி அனுப்பும், அகச்சிவப்ப விழுங்கிடும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா என்டிடபிள்யூஐ, தண்ணி எங்க இருக்குன்னு காட்டுற எண். அத வெச்சு ரெண்டு வருஷத்துப் படத்தை ஒப்பிட்டு, "கழிமுகம் சுருங்குது"ன்னு தலைப்பு போட்டு, கலர் பிரின்ட்டும் எடுத்தேன். பார்க்க அமர்க்களமா இருந்துச்சு.

நெட்டுக்குப்பத்துல வலை பின்னிட்டிருந்த ஒரு அண்ணன்கிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம்கூட பார்க்கல. "இன்னா பாப்பா, சாம்பல் கொட்ற எடத்தப் போய் ஆறுன்னு போட்டுக்கீற?"

அனல்மின் நிலையச் சாம்பலை தண்ணில கரைச்சு குழாய்ல அனுப்புவாங்க. சாம்பல் அடியில தங்கும், மேல தண்ணி நிக்கும். ஃபார்முலாவுக்கு அது தண்ணிதான். தண்ணி கட்டின உப்பளமும் அப்படித்தான். அடுத்து, நான் "வத்திப்போச்சு"ன்னு குறிச்ச திட்டு மேல விரலை வெச்சார். "இது வத்தத்துல தெரியும், ஏத்தத்துல முழுகிடும்." ஏத்தம்னா கடல் தண்ணி ஏறுறது, வத்தம்னா இறங்குறது. செயற்கைக்கோள் எப்பவும் காலை பத்தரை மணி வாக்குலதான் இந்தப் பக்கம் வரும். கடல் அந்த நேரத்துக்கெல்லாம் கட்டுப்படாதே! ஒரு படம் ஏத்தத்துல, இன்னொண்ணு வத்தத்துல எடுத்தது. ஆறு சுருங்குதா இல்லையாங்கிறது வேற விஷயம், என் மேப் அதுக்கு சாட்சி இல்ல.

அதனாலதான் சொல்றேன், டிகிரிய மறைச்சு வைக்காதீங்க. பட்டனை எங்க அழுத்தணும்னு மூணு மாசத்துல யாரும் கத்துக்கலாம். அந்த நீலம் கழிமுகமா, சாம்பல் குளமா, உப்பளமான்னு சந்தேகப்பட நீங்க படிச்ச படிப்பு வேணும். இன்டர்வியூவுலயும் நான் இந்தத் தப்பு மேப்பைத்தான் முதல்ல எடுத்து வெப்பேன்.

[திரையில்: வேலை விளம்பரங்கள், நிறுவனப் பெயர்கள் மறைக்கப்பட்டு]

ஆரம்ப வேலை பெரும்பாலும் டிஜிட்டைசிங். படத்தைப் பார்த்து ரோடு, கட்டடம், குழாய்னு நாள் முழுக்க கோடு இழுக்கணும். கண்ணு எரியும், சம்பளமும் சுமார்தான். ஒரு வருஷம் தாங்குங்க, கை பழகும். ஆனா அங்கேயே உட்கார்ந்துடாதீங்க. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யுற கன்சல்டன்சிங்க பக்கம் போங்க. திட்டம் வர்ற இடத்தைச் சுத்தி 10 கிலோமீட்டருக்கு நிலப் பயன்பாட்டு மேப் அவங்களுக்குக் கட்டாயம் வேணும். கடலோர ஒழுங்குமுறை மண்டல வேலையும் இருக்கு, கரையோரம் எங்க என்ன கட்டலாம், கூடாதுங்கிறதுக்கான மேப். அதுல 1:4000 அளவு, அதாவது மேப்ல ஒரு சென்டிமீட்டர் தரையில 40 மீட்டர். கிண்டியில அண்ணா பல்கலைக்கழகத்தோட தொலையுணர்வு நிறுவனம் இந்த வேலை செய்யுற இடங்கள்ல ஒண்ணு.

கோர்ஸுக்கு லட்சக்கணக்குல கட்டாதீங்க. டேராடூன்ல இருக்குற இஸ்ரோவோட தொலையுணர்வு பயிற்சி நிறுவனம் ஐஐஆர்எஸ் இலவசமாவே ஆன்லைன் வகுப்பு நடத்துது. கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங்கும் சேர்த்துக்குங்க.

இன்னொண்ணு, பரப்பளவு கணக்கு போடுறதுக்கு முன்னாடி மேப் லேயரை யூடிஎம் 44 வடக்குக்கு மாத்துங்க. யூடிஎம்னா பூமியை மண்டலமா பிரிச்சு மீட்டர்ல அளக்குற முறை, சென்னை அந்த மண்டலத்துலதான் வருது. அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியிலயே விட்டுட்டு எக்டேர் கணக்கு சொன்ன ஒரு ரிப்போர்ட்டை நானே திருத்தியிருக்கேன். யாரோடதுன்னு கேட்காதீங்க.

க்யூஜிஐஎஸ் இன்ஸ்டால் பண்ணி வைங்க. அடுத்த வீடியோல 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல், மணலி. வானம் முழுக்க மேகமா இருந்தா சென்டினல்-2 கைவிட்டுடும். மேகத்தைத் தாண்டிப் பார்க்குற சென்டினல்-1 ரேடார் படத்தை எப்படி இறக்குறதுங்கிறதுல இருந்து ஆரம்பிப்போம்.