இரண்டு இரவுக் கப்பலில் யார் யார் வருவார்கள்?

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், சிலாங்கூர் பந்திங் டவுனில் பேருந்து எடுத்து, ஆள் சேர்த்து, ஊர் ஊராகக் கூட்டிப்போகிறவன் நான். பத்துமலை, மாரான் மரத்தாண்டவர், தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை என்றுதான் இத்தனை வருடமும் ஓடியது. இப்போது கொஞ்ச காலமாகக் கோயில் பேருந்தில் ஏறும்போதே, "அண்ணே, உல்லாசக் கப்பலுக்கு ஒரு ஏற்பாடு பண்ணுங்களேன்" என்று கேட்கிறார்கள். பண்ணினேன். நாலு தடவை போய்வந்தாயிற்று. அந்தத் தைரியத்தில்தான் இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லாரும் என்னிடம் கேட்பது விலையை அல்ல. "நமக்கு ஒத்துவருமா? அங்கே எப்படிப்பட்ட ஆளுங்க வருவாங்க? ராத்திரி பூராக் குடிச்சிட்டு ஆடுவாங்களாமே?" இதுதான் கேள்வி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கூட்டுச் சீட்டுக் கட்டி எடுத்த காசு. கேட்கத்தானே செய்வார்கள்.

நான் சொல்கிற பதில் ஒன்றுதான். கப்பலின் பெயரைப் பார்க்காதீர்கள், புறப்படுகிற கிழமையைப் பாருங்கள். ஒரே கப்பல், ஒரே சமையல்காரர், ஒரே நீச்சல்குளம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஒரு முகம், ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் வேறு முகம்.

வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்பும் இரண்டு இரவுப் பயணத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிற இளவட்டங்கள். கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு கடைசியாக ஒரு கொண்டாட்டம், பிறந்தநாள், ஆபீஸ் கூட்டாளிகள் இப்படி. திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும், கையில் இருப்பது இரண்டே ராத்திரி. தூங்குவதற்கா கொடுத்தோம் காசு? பாட்டு நடுநிசி தாண்டியும் ஓடும். நடைவழியில் சிரிப்பும் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அது தப்பும் இல்லை. திருவிழாவுக்கு வந்துவிட்டு, மேளச் சத்தம் அதிகம் என்று சொல்ல முடியுமா?

ஞாயிறு கிளம்பிப் புதன் திரும்புகிற மூன்று இரவுப் பயணத்தில் வேலை ஓய்வு பெற்றவர்கள் அதிகம். தாத்தா பாட்டி, பள்ளிக்கூடம் சேராத குழந்தையோடு வருகிற இளம் தம்பதிகள், சீனப் பெரியவர்கள் கூட்டமாக. விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அம்மாவையோ மாமியாரையோ கூட்டிப்போகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இந்தக் கிழமைக் கணக்கெல்லாம் செல்லாது. அதற்குக் காரணம் கட்டில். கப்பல்காரர்கள் "இத்தனை பயணிகள்" என்று சொல்வது, அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். சிங்கப்பூரிலிருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு இருவர் என்றால் 4,246 பேர். சோபாவையும் சுவர்க் கட்டிலையும் விரித்து, பிள்ளைகளையும் சேர்த்து நிரப்பினால் 5,600-ஐத் தாண்டும். கப்பல் நீளவும் இல்லை, அகலவும் இல்லை. ஆயிரத்து முந்நூறுக்கும் மேலே கூடுதலாக ஆள், அதிலும் பாதிக்கு மேல் குளத்தில் குதிக்கிற வயசு. டிசம்பரில் போய்விட்டு "குளத்தில் தண்ணியே தெரியலண்ணே, தலைதான் தெரிஞ்சது" என்று என்னிடம் வந்து புலம்பினால் நான் என்ன செய்ய?

நாம் எதிர்பார்க்காத இன்னொரு கூட்டம் இந்தியாவிலிருந்து வருவது. அங்கே ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறை. சிங்கப்பூர் பார்க்க வருகிறவர்கள் கையோடு ஒரு குட்டிக் கப்பல் பயணமும் சேர்த்துக்கொள்கிறார்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஏதாவது கம்பெனி தன் வியாபாரிகளைப் பரிசுப் பயணமாக அனுப்பியிருந்தால், ஒரே நிறச் சட்டையில் நூறு இருநூறு பேர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைவார்கள். என் இரண்டாவது பயணத்தில் அப்படி ஒரு கூட்டம். குளத்துக்குப் பக்கத்தில் இந்திப் பாட்டு போட்டதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அறுபது வயது அம்மா ஒருவர் ஆடத் தொடங்கினார். பின்னால் முப்பது பேர் வட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் தெலுக் பங்ளிமா காராங் பெண்கள் முதலில் ஓரமாக நின்று வாயில் கைவைத்துச் சிரித்தார்கள். அஞ்சு நிமிஷத்தில் அவர்களும் வட்டத்துக்குள்ளே. அந்தக் கூட்டத்தால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும், பருப்பும் சப்பாத்தியும் தேடி அலைய வேண்டாம்.

சூதாட்டக் கூடத்துக்காகவே வருகிறவர்கள் தனி ரகம். துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் அது திறக்கும். திறந்ததும் உள்ளே போனவர்களை இறங்கும்போதுதான் மறுபடி பார்ப்பீர்கள். நமக்குத் தொந்தரவு இல்லை. நம் ஆட்களில் யாராவது அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. போதும், அதைப் பற்றி இந்த நிலையத்தில் இதற்குமேல் பேச வேண்டாம்.

இப்போது என் அம்மா கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை போட்டபோது உதிரிப்பழம் பொறுக்கி எங்களை வளர்த்தவர். முதல் பயணத்தில் கூட்டிப்போனேன். அறைக்குப் போய்ப் பையைக்கூட வைக்கவில்லை, ஒலிபெருக்கியில் அறிவிப்பு. அப்புறம் சங்கு. ஏழு குட்டிச் சங்கு, ஒரு நீளச் சங்கு. எல்லாரும் அவரவர்க்குக் குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும், ஆள் கணக்கு எடுப்பார்கள். அம்மா வரிசையில் நின்றபடி என் முழங்கையை இடித்து, "என்னடா, இங்கேயும் பெரட்டா?" என்றார்.

பெரட்டேதான். தோட்டத்தில் விடியுமுன்னே வேலைக்கு ஆள் கணக்கு எடுப்பதைத் துரைமார் மஸ்டர் என்று சொன்னார்கள், நம்மவர்கள் பெரட்டு என்றார்கள். கப்பலிலும் அதன் பெயர் மஸ்டர்தான். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பல நூறு பேருக்குப் பெரட்டு எடுப்பதற்குள்ளேயே விபத்து நடந்துவிட்டது. ஏறி ஒரு நாளுக்குள் எடுத்தால் போதும் என்றுதான் அதுவரை விதி இருந்தது. 2015 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ எடுத்தாக வேண்டும் என்று மாற்றினார்கள். இரண்டு இரவுப் பயணம்தானே என்று யாருக்கும் சலுகை கிடையாது. இப்போது பல கப்பல்களில் கைப்பேசியில் ஒரு படம் பார்த்துவிட்டு, கூடுமிடத்தில் அறை அட்டையைக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்தை ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

அம்மாவுக்குக் கப்பல் என்றால் ரஜூலாதான். 1926-இல் கட்டிய கப்பல், தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறியது அதில்தான். ஏறக்குறைய ஒரு வாரம், மேல்தளத்தில் பாய் விரித்து, ஆயிரக்கணக்கானவர்களோடு. பினாங்கு வந்ததும் ஊருக்குள் விடாமல் ஜெரெஜாக் தீவில் அடைத்து வைத்தார்களாம், நோய் இருக்கிறதா என்று பார்க்க. ரஜூலாவுக்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்த வழியும் முடிந்தது. தாத்தா சொல்வாராம், நாலாவது நாளில் கப்பலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்துவிடும் என்று. யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யாரிடம் ஊறுகாய் இருக்கிறது என்பதுவரை.

குட்டிப் பயணத்தில் அதுதான் நடக்காது. எந்த மின்தூக்கி எங்கே போகிறது என்று பழகுவதற்குள் இறங்கும் நாள் வந்துவிடும். நீண்ட பயணம் போகிறவர்கள் மூன்றாம் நாளில் கப்பலைப் படித்துவிடுகிறார்கள், கூட்டம் தானாகக் கலைந்துவிடுகிறது. இங்கே எல்லாரும் புது ஆள். ஆகையால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போவார்கள். நெரிசலாகத் தெரிவது இதனால்தான்.

முதல் நாள் மத்தியானம், ஏறிய உடனே, எல்லாருக்கும் பசி. எல்லாரும் மேல்தளத்து பஃபேக்கு ஏறுவார்கள். தட்டை ஏந்தியபடி இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் குடும்பத்துக்குள் சண்டை வரும். பல கப்பல்களில் அதே நேரத்தில் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிற கூடமும் திறந்திருக்கும், அதுவும் கட்டிய காசுக்குள்ளேயேதான். பாதி மேசை காலியாகக் கிடக்கும். துணி மாற்றும் பையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வர நேரமாகும், அதற்குள் பிள்ளைகள் குளத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிடும். பெட்டிக்குள் இஸ்திரிப்பெட்டி, குட்டி ரைஸ் குக்கர் இதெல்லாம் வேண்டாம். சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு அது நடந்தது. அக்கா வருத்தப்பட்டது குக்கருக்காக அல்ல, அதற்குள் சுருட்டி வைத்திருந்த நெத்திலி சம்பலுக்காக.

சாயங்காலம் ஆறு மணிக்கு மின்தூக்கி முன்னால் கூட்டம். ராத்திரிச் சாப்பாடும் முதல் காட்சியும் அடுத்தடுத்து வருவதுதான் காரணம். ஏறுவதற்குக் காத்திருங்கள், இறங்குவதற்குப் படியில் போங்கள். கடைசிக் காலை இன்னும் மோசம். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், முகப்புக் கூடம் முழுக்கப் பெட்டியும் தூங்குகிற குழந்தையும். பிள்ளைகள் அட்டையைக் காட்டி வாங்கிக் குடித்த பானங்களுக்குக் கணக்குக் கேட்டு அப்பாக்கள் ஒரு வரிசையில் நிற்பார்கள். முந்தின நாள் சாயங்காலமே கணக்கைப் பார்த்துவிட்டால் அந்த வரிசை நமக்கு இல்லை.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் அடிபட்டவன் நான். ஒரு தடவை இடையில் இருந்த முகவர் எங்கள் இருபத்து மூன்று பேரையும் நாலு தளத்தில் சிதறடித்துவிட்டார். எனக்குக் கிடைத்தது நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. விடிகாலையில் தலைக்கு மேலே நாற்காலி இழுக்கிற சத்தம், கட்டாந்தரையில் ஏர் ஓட்டுகிற மாதிரி. கேட்டால், "அறை எண் கப்பல்காரங்க குடுக்கிறது சார்" என்றார். உண்மை என்னவென்றால், எண்ணைத் தேர்ந்தெடுக்கிற டிக்கெட் வேறு, அவர்களே கொடுக்கிற டிக்கெட் வேறு, விலையும் வேறு. எது வாங்குகிறோம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அறை நடுத்தளத்தில் இருந்து, அதற்கு மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நல்ல தூக்கம்.

கடல் ஆட்டம் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் குளம் மாதிரிதான் இருக்கும். புக்கெட் வரைக்கும் போகிற பயணமென்றால், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொஞ்சம் ஆடும். மாத்திரை ஒன்று பையில் இருக்கட்டும்.

நம்மவர்கள் மட்டும் அனுபவிக்கக்கூடிய ஒரு சுகம் இருக்கிறது. கப்பல் பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கட்டுகிறது என்று வையுங்கள். நடக்கிற தூரத்தில் விக்டோரியா மணிக்கூண்டு, கொஞ்சம் தள்ளி லிட்டில் இந்தியா. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் இறங்கிப்போவார்கள். நாம்தான் பினாங்கை நூறு தடவை பார்த்தவர்களாயிற்றே. நாங்கள் இறங்கவில்லை. அந்த நாலைந்து மணி நேரம் குளம் காலி, சறுக்கு காலி, சாய்வு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை இல்லை. எங்கள் பிள்ளைகள் ஒரே சறுக்கில் எத்தனை தடவை இறங்கினார்கள் என்று எண்ணி, இருபதுக்குமேல் விட்டுவிட்டேன்.

அந்த முதல் பயணத்தில் இரண்டாம் நாள் விடிவதற்கு முன்னால் கண் விழித்தால், அம்மா கட்டிலில் இல்லை. பதறியடித்து ஓடினேன். ராத்திரி இரண்டு மணிவரை கூத்தடித்த கப்பல் அசந்து தூங்குகிறது. நடைவழியில் ஒரு ஆள் இல்லை. மேல்தளத்தில் இரண்டு பணியாளர்கள் குழாய் வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கம்பியோரமாக அம்மா, தலையில் துண்டு கட்டி, கையில் தேநீரோடு நிற்கிறார். தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்கு.

"நாலரைக்கே முழிப்பு வந்திருச்சுடா. பெரட்டுப் பழக்கம்" என்றார். பிறகு, "இவ்வளவு பெரிய கப்பல்ல ஒருத்தருமே இல்லையே, நான் மட்டுந்தான் காசு குடுத்தேனா?"

இந்த மாதக் கடைசியில் ஒரு குழு கிளம்புகிறது, ஞாயிற்றுக்கிழமைக் கப்பல். பந்திங்கிலிருந்து தெற்கு கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை வழியாக கப்பல் ஏறுகிற இண்டா தீவுத் துறைக்கு முக்கால் மணி நேரப் பேருந்து. கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அம்மா பெயரை முதல் ஆளாக எழுதியாயிற்று. நன்றி, வணக்கம்.