கொடுவாவுக்கு மர லூர்: ஈயத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி உப்புத் தண்ணியில போட்டுப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு 10 சென்டிமீட்டர் மர லூர், அதாவது மீனை ஏமாத்துற மரப் பொய் மீன், செய்யப் போறோம். முட்டுக்காடு, எண்ணூர் மாதிரி கழிமுகத்துல கொடுவா மீனுக்குப் போடுறது. கொடுவா நிறைய தடவை, நீங்க ரீல் சுத்துறத நிறுத்தின அந்த ரெண்டு செகண்ட்லதான் அடிக்கும். அப்போ லூர் மேலயும் வரக்கூடாது, கீழயும் போகக்கூடாது. அப்படியே தண்ணிக்குள்ள நிக்கணும்.

மரம், நல்லா காய்ஞ்ச கல்யாண முருங்கை. பால்சா கிடைச்சாலும் சரி. செதுக்கித் தேச்சதும் வயித்து நடுவுல நீளமா ஒரு வெட்டு போட்டு, 1 எம்எம் ஸ்டெயின்லெஸ் கம்பியை மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரே துண்டா விடுங்க. திருகுற கொக்கி வேணாம். இது மெத்து மரம், பெரிய மீன் ஒரு உலுக்கு உலுக்கினா புடுங்கிட்டு வந்துரும்.

லிப்புக்கு, அதாவது மூக்குக்குக் கீழ நீட்டிக்கிட்டு நிக்கிற தகடுக்கு, 2 எம்எம் பாலிகார்பனேட். இதோ, கிட்ட காட்டுறேன் பாருங்க, லிப்பைச் சொருகுற இந்த வெட்டு ஒரு பக்கம் லேசா சாஞ்சிருக்கு. இப்படி இருந்தா லூர் நேரா ஓடாது, வட்டம் அடிக்கும். ஒட்டின அப்புறம் திருத்துறது கஷ்டம்.

இப்போ லூரைத் தண்ணிக்குள்ள நிக்க வைக்கிற ஈயம். இதுலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. முதல்ல மரத்துக்கு ரெண்டு கோட் வார்னிஷ் குடுங்க, இல்லன்னா தண்ணியைக் குடிச்சு கணக்கையே மாத்திரும். லிப், ஸ்பிளிட் ரிங் (கொக்கியை மாட்டுற சின்ன வளையம்), ட்ரெபிள் ஹூக் (மூணு முள்ளு கொக்கி) எல்லாம் மாட்டிட்டு, ஈயத்தை ரப்பர் பேண்ட் போட்டு வயித்துல கட்டுங்க. இந்த சைஸுக்கு 8, 9 கிராம் வரும். ஈயம் காசிமேட்டுல வலை சாமான் கடையில கிடைக்கும். வீட்டுக்குள்ள உருக்காதீங்க, அந்தப் புகை விஷம்.

பக்கெட்ல 20 லிட்டர் தண்ணிக்கு 700 கிராம் கல்லுப்பு கரைங்க, கடல் தண்ணி கணக்கு வந்துரும். வெறும் தண்ணியில சரியா நிக்கிற 20 கிராம் லூர் கடல்ல மெதுவா மேல வந்துரும், எடை அரை கிராம் குறைவா இருக்கும். உப்புத் தண்ணியில மட்டமா நிக்கிற வரைக்கும் ஈயத்தை முன்ன பின்ன நகர்த்துங்க. வயித்துக் கொக்கிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பெரும்பாலும் அமையும்.

இடம் தெரிஞ்சதும் குறிச்சு, ஓட்டை போட்டு உள்ள இறக்குங்க. ஆனா அரை கிராம் குறைச்சே வைங்க. வெளிய கட்டும்போது ஈயமும் கொஞ்சம் தண்ணியைத் தள்ளி மிதக்க உதவிச்சு, உள்ள போனா அது கிடையாது. மேல எபாக்ஸி (ரெண்டு திரவத்தைக் கலந்து பூசுற பிசின்) வேற ஏறும். எபாக்ஸியை டப்பாவுல சொன்ன அளவுல துல்லியமா கலங்க. அளவு தப்பினா எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. இறுகுற வரைக்கும் லூரைத் திருப்பிக்கிட்டே இருங்க, இல்லன்னா வயித்துப் பக்கம் சொட்டு தொங்கும்.

காய்ஞ்சதும் நடக்கிற வேகத்துல இழுத்துப் பாருங்க. வேகம் கூட்டினா மல்லாந்துருதா? ஈயம் மேல தங்கிடுச்சு, இல்ல லிப் பெருசு. ஆட்டமே இல்லையா? ஈயம் அதிகம், இல்ல நூல் முடிச்சு மூக்கு வளையத்தை இறுக்கிப் புடிச்சிருக்கு, அப்போ ஸ்னாப் (நூலையும் லூரையும் இணைக்கிற சின்ன கம்பி கிளிப்) போடுங்க. இடது பக்கம் ஓடுதா? பின்னாடி இருந்து பார்த்து மூக்கு வளையத்தை வலது பக்கம் துளியூண்டு வளைங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில கழிமுகத்துல நல்ல தண்ணி இறங்கினா இதே லூர் மெல்ல மூழ்கும். அப்போ வயித்து ட்ரெபிளை ஒரு சைஸ் சின்னதா மாட்டுங்க.