இரவு வேலை யாருக்கு?

(கல்லடியில் உயர்தர மாணவியரும் பெற்றோரும் கூடிய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவியரே, அவர்களை அழைத்து வந்திருக்கும் தாய் தந்தையரே, வணக்கம்.

"நட்சத்திரம் பார்ப்பது இரவு வேலை, பெண்பிள்ளைக்கு அது எதற்கு?" மகள் வானியல் படிக்க ஆசைப்பட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். மட்டக்களப்பில்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் பெரிய அவதான நிலையங்களிலும் இரவு ஆண்களுடையதாகவே இருந்தது.

ஹார்வார்ட் அவதான நிலையத்துக்கு 1877இல் பணிப்பாளரான எட்வர்ட் பிக்கரிங், வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தட்டுகளை ஆராயப் பெண்களை அமர்த்தினார். பெருந்தன்மை கொஞ்சம், சிக்கனம் அதிகம் என்றே நான் நினைக்கிறேன். மணித்தியாலத்துக்கு 25 சதமளவில் கூலி கொடுத்தால் போதுமே! அவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த வில்லியமினா பிளெமிங், 1888இல் எடுத்த தட்டொன்றில் குதிரைத்தலை நெபுலா என்ற விண்வெளித் தூசு மேகத்தைக் கண்டுபிடித்தார். ஆண் உதவியாளர்களுக்கு ஆண்டுக்கு 2500 டொலர், தனக்கு 1500 என்று 1900இல் நாட்குறிப்பில் மனம் வெதும்பி எழுதினார். அங்கு வேலை செய்த இன்னொருவரான அனி ஜம்ப் கனன் ஏறக்குறைய 3,50,000 விண்மீன்களை வகைப்படுத்தினார்.

நான் நின்று பேச விரும்புவது அதே நிலையத்தில் பணியாற்றிய ஹென்றியெட்டா லீவிட்டைப் பற்றி. நம் வாவியில் இரவு தெரியும் மங்கலான விளக்கு, அருகிலுள்ள சிறிய விளக்கா, தொலைவிலுள்ள பெரிய விளக்கா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. விண்மீன்களிலும் இதே சிக்கல்தான். சிறிய மகெல்லன் மேகம் என்பது நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் கூட்டம், பார்வைக்கு மேகம்போலத் தெரியும். அதில் ஒளி கூடிக் கூடிக் குறையும் 25 விண்மீன்களை லீவிட் ஒப்பிட்டார். எல்லாம் ஒரே மேகத்தில் இருப்பதால் தூரமும் ஏறக்குறைய ஒன்றே. பிரகாசமானவை ஒளி கூடிக் குறையும் ஒரு சுற்றை முடிக்க அதிக நாள் எடுப்பதை அவர் கண்டார். இனி நாட்களை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்துடன் ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். இது 1912இல் பிக்கரிங்கின் கையொப்பத்துடன் வெளிவந்தது. தயாரித்தவர் செல்வி லீவிட் என்று முதல் வரி சொல்கிறது. அன்ட்ரோமீடா என்ற பெரும் விண்மீன் கூட்டம் நம் பால்வீதிக்கு வெளியே இருப்பதை வானியலாளர் எட்வின் ஹபிள் நிறுவியதும் இந்த விதியைக் கொண்டுதான்.

லீவிட் ஆராய்ந்த தட்டுகள் தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அரெக்விப்பாவில் எடுக்கப்பட்டவை. லீவிட் மேசையில் குனிந்திருந்த வட அமெரிக்க நகரத்தின் வானில் அந்த மேகமும் அதன் துணையான பெரிய மகெல்லன் மேகமும் ஒருபோதும் எழுவதில்லை.

பிறகும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1950களில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் அவதான நிலையத்தில் வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் கணவரின் உதவியாளர் என்ற பெயரில்தான் அவதானித்தார். பலோமார் அவதான நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்றார்கள். 1965இல் அங்கு முறையான அனுமதியுடன் சென்ற வானியலாளர் வேரா ரூபின், கழிப்பறைக் கதவிலிருந்த ஆண் உருவத்துக்குக் காகிதத்தில் பாவாடை வெட்டி ஒட்டினாராம். இவ்வளவு பெரிய தொலைநோக்கியைக் கட்டியவர்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட முடியாமல் போனது விந்தைதான்.

பெற்றோரே, உங்கள் அச்சம் வானத்தைப் பற்றியதல்ல, இருட்டில் வீடு திரும்பும் பாதையைப் பற்றியது. அது நியாயமானது, ஆகவே அதற்கு வழி செய்வோம். மாரி ஓய்ந்த பெப்ரவரி முற்பகுதியில், நிலவில்லாத இரவு எட்டு மணியளவில், திருக்கோவில் கரையில் தெற்கே பாருங்கள். கையை நீட்டி, மூடிய கைமுட்டியைத் தொடுவானத்தில் வைத்தால், அதற்குச் சற்று மேலே பெரிய மகெல்லன் மேகம் மெல்லிய புகைபோலத் தெரியும். போகவும் வரவும் பஸ் பேசியிருக்கிறோம். பிள்ளைகளோடு நீங்களும் வாருங்கள். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.