லேக்காக்: கன்னியர் மடத்து நிழலில் வளர்ந்த ஊர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றை ஒட்டி லேக்காக் என்றொரு சிற்றூர் உண்டு. ஏறத்தாழச் சதுரமாக அமைந்த நான்கு தெருக்கள்தாம் ஊரின் உடல். 1086-ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னர் எடுப்பித்த டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலேயே இவ்வூரின் பெயர் இடம்பெற்றுவிட்டது. ஆனால் இன்று நாம் காணும் லேக்காக்கின் கதை, ஈலா என்னும் பெண்மணியிடமிருந்துதான் தொடங்குகிறது.

சாலிஸ்பரிக் கோமகளான ஈலா, ஜான் மன்னருக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த சகோதரரான வில்லியம் லாங்கெஸ்பேயை மணந்தவர். 1226-இல் கணவர் இறந்தபின் மன்னரின் சார்பில் வில்ட்ஷயரை நிர்வகிக்கும் ஷெரிப் பதவியை அவரே ஏற்று நடத்தினார். அக்காலத்தில் ஒரு பெண் அப்பதவியில் அமர்வது மிக அரிது. கணவரின் நினைவாக 1232-இல் லேக்காக்கில் அகஸ்டீனியக் கன்னியர் மடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டி, பின்னர் தாமே துறவு பூண்டு அதன் தலைவியாகவும் ஆனார். ஊரும் வயலும் மடத்தின் உடைமையாயின. அடுத்த மூன்று நூற்றாண்டுகள் லேக்காக் மக்கள் குத்தகை செலுத்தியது அந்தக் கன்னியர்களுக்குத்தான்.

அந்த உறவைக் கண்ணால் காண வேண்டுமானால், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தசமபாகக் களஞ்சியத்துக்குள் நுழைய வேண்டும். குடியானவர்கள் பணத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த தானியமும் தோலும் ஆட்டுமயிரும் இங்கேதான் குவிந்தன. உள்ளே நிமிர்ந்து பார்த்தால், கூரையைத் தாங்கும் வளைந்த ஓக் மரங்கள் இருபுறமிருந்தும் எழுந்து உச்சியில் கூடுகின்றன. அருகிலேயே இதே முறையில் கட்டிய ஒரு வீட்டில், இயற்கையாக வளைந்து வளர்ந்த மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்திய விதம் வெளிச்சுவரிலேயே தெரிகிறது. சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசி மெழுகியிருக்கிறார்கள். நம் கிராமத்து மண்சுவர்களை அறிந்தவர்களுக்கு இந்த வேலைப்பாட்டை விளக்கத் தேவையில்லை. தெருவில் சில வீடுகளின் முகப்பு செங்கல்லாகவோ கல்லாகவோ இருந்தாலும், அதற்குப் பின்னால் பழைய மரச்சட்டகம் அப்படியே நிற்கிறது.

ஊரை வளப்படுத்தியது கம்பளி வணிகம். புனித சிரியாக் தேவாலயத்தின் அகன்ற சன்னல்களையும் செதுக்கு வேலைகளையும் காணும்போது அந்தச் செல்வத்தின் அளவு புரிகிறது. ஜார்ஜ் என்னும் பழைய விடுதியின் அடுப்பருகே, இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்ற ஒரு நாய் உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும் மரச்சக்கரம் இன்றும் இருக்கிறது. அரண்மனைகளைக் காட்டிலும் இத்தகைய பொருள்களே அன்றைய வாழ்வை நேராகச் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1539-இல் மடம் கலைக்கப்பட்டது. அதை விலைக்கு வாங்கிய வில்லியம் ஷேரிங்டன், மடத்துத் தேவாலயத்தை இடித்தார். ஆனால் கன்னியர் உலாவிய நாற்புறத் தாழ்வாரத்தையும் அதைச் சூழ்ந்த அறைகளையும் விட்டுவைத்து, அவற்றின்மேல் தம் மாளிகையை எழுப்பினார். பிற்பாடு அது அவருடைய அண்ணன் தம்பி வழி உறவின் மூலம் டால்போட் குடும்பத்திடம் சேர்ந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட், 1835-இல் அம்மாளிகையின் சன்னல் ஒன்றைச் சிறு காகிதத்தில் பதித்து எடுத்த, ஒளியும் நிழலும் இடம் மாறித் தெரியும் எதிர்ப்படமே (நெகட்டிவ்), இன்று எஞ்சியுள்ள புகைப்பட எதிர்ப்படங்களில் மிகப் பழையது.

நெசவுத் தொழில் நலிந்தபோது புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போனதும், ஊர் முழுதும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததும் பழைய வீடுகளைக் காத்தன. துண்டு துண்டாக விற்றிருந்தால் இந்தத் தெருக்கள் என்றோ உருமாறியிருக்கும். அதை உணர்ந்தவர் ஃபாக்ஸ் டால்போட்டின் பேத்தி மெடில்டா. அவர் 1944-இல் மாளிகையையும் ஊரின் பெரும்பகுதியையும் பழைய கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக அளித்தார். வீடுகள் காட்சிப்பொருளாகிவிடவில்லை, அமைப்பின் வாடகைதாரர்களாகக் குடும்பங்கள் அங்கே வசிக்கின்றன. பின்னர், மடத்தில் நூற்றாண்டுகளாகப் பேணப்பட்ட, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த மேக்னா கார்ட்டா பட்டயத்தின் 1225-ஆம் ஆண்டுப் படியையும் மெடில்டா நாட்டுக்கு வழங்கினார். அது இப்போது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.