ஒரு நூலும் இரண்டு மைக்கும்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் ராக் இசைக்குழு லெட் செப்பெலினின் முதல் ஆல்பம் என்றால் கிட்டாரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் டிரம்மிலிருந்து தொடங்குகிறேன்.

1968 செப்டம்பர், அக்டோபர். லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோ. குழு சேர்ந்து சில வாரங்கள்தான். ஆனால் ஸ்காண்டிநேவியாவில் மேடையேறிப் பாட்டுகளை நன்றாகப் பழகிவிட்டு வந்தார்கள். அதனால்தான் சுமார் 36 மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவு 1,782 பவுண்டு, கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் கைக்காசு.

டிரம்முக்கு வருவோம். வாசித்தவர் ஜான் பானம், ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ். மைக்கை டிரம்மோடு ஒட்டி வைத்தால் அடி விழுவதுதான் கேட்கும், முழக்கம் கேட்காது. தவிலை ஒட்டி உட்கார்ந்தவருக்கும் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தவருக்கும் ஒரே தவிலா கேட்கிறது? அதனால் மைக்கைத் தள்ளி வை. பேஜ் கிட்டாருக்கும் அப்படித்தான், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் பக்கத்தில் ஒரு மைக், தள்ளி ஒன்று.

இந்த ஆல்பத்தின்போதுதான் ஜான்ஸுக்கு ஒரு வழி தற்செயலாக அகப்பட்டது. ஸ்நேர், அதாவது சடசடவென ஒலிக்கும் சின்ன டிரம், அதற்கு நேர் மேலே, ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு மைக். வாசிப்பவரின் வலப்பக்கம், தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமுக்கு அருகே, ஸ்நேரைப் பார்த்தபடி இன்னொன்று. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்குத் தனியாக ஒன்று. மேலே உள்ளதும் பக்கத்தில் உள்ளதும் ஸ்டீரியோவில் எதிரெதிர்ப் பக்கம் போகும்.

இதில் தவறு எங்கே வரும்? தூரத்தில். இரண்டு மைக்கும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரம் இருக்க வேண்டும். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒலி ஒரு மைக்குக்கு மட்டும் 1 மில்லிசெகண்ட் பிந்தி வரும். இரண்டையும் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஸ்நேர் தகர டப்பா மாதிரி ஆகிவிடும். ஸ்டீரியோவில் இது தப்பிக்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள உங்கள் வானொலிப் பெட்டியில் மாட்டிக்கொள்ளும்! வைத்தியம் ஒரு முழம் நூல், இல்லை, மூன்று முழம். ஒரு நுனியை ஸ்நேரின் நடுவில் அழுத்தி, முதல் மைக் வரை இழுத்து, விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதே நீளத்தை அடுத்த மைக்குக்குத் திருப்புங்கள். எட்டவில்லையா, ஸ்டாண்டை நகர்த்துங்கள். மறுபடி சொல்கிறேன், ஸ்நேரிலிருந்து ஒரே தூரம்.

பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் பற்றிப் பேச நேரமில்லை, கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். 'யூ ஷுக் மீ' பாட்டின் முடிவில் எதிரொலி முன்னால் வரும், குரல் பின்னால் வரும். டேப்பைத் திருப்பிப் போட்டு, எதிரொலியை டேப்பின் வேறு டிராக்கில், அதாவது தனித் தடத்தில் பிடித்து, மறுபடி நேராக்கினால் அவ்வளவுதான். நடக்காது என்றார் ஜான்ஸ். பேஜ் விடவில்லை.